நிரம்பாத தொட்டி

(மீஞ்சூர் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும், விவசாயிகளும், பழவேற்காடு ஏரிக்கரை மீனவப் பெருமக்களும் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஒன்றியப் பணி மேற்பார்வையாளர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மேடையேறிப் பேசுவதற்குரிய பொருள்தானா என்று உங்களில் சிலருக்குத் தோன்றக்கூடும். சாலையைப் பற்றியோ பள்ளிக் கட்டடத்தைப் பற்றியோ பேசினால் கைதட்டுவீர்கள். மலத்தொட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் முன்வரிசையில் இரண்டொருவர் மேல்துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனதைக் கண்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. இந்த வட்டாரத்தில் குடிநீரும் இறாலும் நண்டும் எந்த அளவுக்கு நல்லபடியாக இருக்கும் என்பது, நம் வீட்டின் பின்புறத்தில் மண்ணுக்குள் நாம் மறைத்து வைத்திருக்கும் இந்தத் தொட்டியைப் பொறுத்திருக்கிறது. ஆகையால் சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

ஏரியோரக் குப்பங்களில் வீடு வீடாகச் சென்று கழிப்பறைகளைப் பார்வையிட்டபோது, வீட்டுக்காரர்கள் ஏறக்குறைய ஒரே சொல்லைப் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். “எங்கள் செப்டிக் டேங்க் கட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது ஐயா. இதுவரை ஒரு தடவைகூட நிரம்பவில்லை. லாரிக்கு நாங்கள் காசு கொடுத்ததே கிடையாது” என்பார்கள். அண்டை வீட்டுக்காரர் அதைக் கேட்டுப் பொறாமைப்படுவார். அதே கொத்தனாரை அழைத்து அதே மாதிரித் தொட்டியைத் தம் வீட்டிலும் கட்டிக்கொள்வார்.

ஐந்து பேர் உள்ள குடும்பம் பன்னிரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய தொட்டி நிரம்பவில்லை என்றால், உள்ளே போனதெல்லாம் எங்கே போயிற்று? ஆவியாகி ஆகாயத்துக்குப் போய்விடவில்லை. அடியில்லாத தொட்டியின் வழியே மணலுக்குள் இறங்கி, நிலத்தடி நீரோடு கலந்து, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் சில வீடுகளுக்குக் கிணறு இருக்கிறது. சில வீடுகளுக்கு அடிபம்பு இருக்கிறது. எல்லா வீடுகளுக்கும் ஏரி இருக்கிறது.

நாம் செப்டிக் டேங்க் என்று சொல்லிக்கொள்வது பெரும்பாலும் செப்டிக் டேங்க் அன்று. நான்கைந்து சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மண்ணில் இறக்கி, மேலே ஒரு மூடியைப் போட்டுவிட்டால் அது உறைகுழி. உண்மையான செப்டிக் தொட்டிக்குத் தளம் உண்டு, நான்கு பக்கச் சுவர் உண்டு, உள்ளும் புறமும் நீர் கசியாத பூச்சு உண்டு. பிரான்சு நாட்டின் வெசூல் என்ற ஊரில் மூரா என்பவர் ஏறக்குறைய 1860-இல் தம் வீட்டுக்கு மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார். சில ஆண்டுகள் கழித்து அதைத் திறந்து பார்த்தபோது, தாம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த கசடே இருக்கக் கண்டு வியந்தார். 1881-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னர் இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்துக் கேமரன் என்பவர் 1895-இல் இம்முறையைத் திருத்தி, செப்டிக் டேங்க் என்ற பெயரையும் சூட்டினார். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மலத்தின் ஒரு பகுதியைக் கரைத்து வாயுவாக்கிவிடுகின்றன. கனமானது அடியில் கசடாகத் தங்குகிறது. லேசானது பாலின்மேல் ஆடை படிவதுபோல் மேலே மிதக்கிறது. நடுவே உள்ள நீர் வெளிக்குழாய் வழியாகப் போகிறது. இவ்வளவுதான் அதன் தொழில்.

அந்த வெளிநீர் பார்வைக்குச் சற்றுத் தெளிவாக இருப்பதால் அது சுத்தமாகிவிட்டது என்று பலரும் நம்புகிறார்கள். அது பெருந்தவறு. நச்சுக்காய்ச்சல், மஞ்சட்காமாலை, பேதி முதலிய நோய்களைத் தரும் கிருமிகள் அதில் ஏராளமாக இருக்கும். தொட்டி பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதியைச் செய்ய வேண்டியது மண். ஈரமில்லாத, காற்றோட்டமுள்ள மணலின் வழியே நீர் மெல்ல மெல்லக் கீழிறங்கும்போது கிருமிகள் மணலில் ஒட்டிக்கொண்டு மடிகின்றன. நீரில் மூழ்கிக் கிடக்கும் மணலில் இது சரிவர நடப்பதில்லை. கிருமிகள் நீரோடு நெடுந்தூரம் பயணம் செய்துவிடுகின்றன. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், நான் மேலே சொல்லப்போகும் விதிகள் யாவும் தாமே விளங்கிவிடும்.

இனி நம் நிலத்தைப் பார்ப்போம். சேலத்திலோ கோயம்புத்தூர்ப் பக்கத்திலோ இருபது முப்பது அடி தோண்டினாலும் நீர் காணாத இடங்கள் உண்டு. அங்கே உறிஞ்சுகுழி வெட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. லைட் ஹவுஸ் குப்பத்திலும் கோட்டைக்குப்பத்திலும் பழவேற்காட்டிலும் நிலைமை வேறு. ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் உவர்நீர் ஏரி, இடையே தாழ்ந்த மணல் நிலம். மணலைக் கையால் பறித்து ஊற்றுநீர் எடுத்த காலத்தை இங்குள்ள மூதாட்டிகள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த நன்னீர் எங்கிருந்து வந்தது? மணல் மேட்டில் பெய்த மழை உள்ளே இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல், எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் பாடோன் கைபென் என்ற டச்சு இராணுவப் பொறியாளர். 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி வாணிகம் நடத்திய டச்சுக்காரர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அதற்கு இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் அவர்கள் நாட்டில் இது எழுதப்பட்டது. நிற்க.

இந்த மிதக்கும் நன்னீர் மிக மெல்லிய சொத்து. அதை அடியிலிருந்தும் கெடுக்கலாம், மேலிருந்தும் கெடுக்கலாம். அடியிலிருந்து கெட்ட கதை மீஞ்சூர் விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சென்னை நகருக்கும் ஆலைகளுக்குமாக 1960-களிலிருந்து நிலத்தடி நீரை இறைத்த இறைப்பில், கடல்நீர் மண்ணுக்கடியில் மைல் கணக்கில் உள்ளேறி வந்துவிட்டது. நெல் விளைந்த நிலத்துக் கிணறுகள் உப்புக் கரித்தன. 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. மண்ணுக்கடியில் இலவசமாகக் கிடந்த நீரை இழந்துவிட்டு, மின்சாரம் செலவிட்டுக் கடலைப் பிழிந்துகொண்டிருக்கிறோம். அந்தக் கேட்டில் குப்பத்து மக்களுக்குப் பங்கில்லை என்று சொல்லலாம். மேலிருந்து வரும் கேடு அப்படியன்று. அதை நாமே நம் கொல்லையில் செய்துகொள்கிறோம்.

என் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில், ஒரே வேனிற்காலத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட கழிப்பறைகளை என் மேற்பார்வையில் கட்டி முடித்தோம். சித்திரை மாதம். ஐந்தடி தோண்டினோம், மணல் காய்ந்திருந்தது. உறைகளை இறக்கினோம், மூடினோம், புகைப்படம் எடுத்தோம், பட்டியலில் கையெழுத்திட்டேன். கார்த்திகை மாதம் அடைமழை பிடித்தது. தண்ணீர் மேலே ஏறிக் குழிகளுக்குள் புகுந்தது. கழிப்பறைக் கோப்பையில் நீர் இறங்கவில்லை. அடுத்த தைமாதம் ஒரு வீட்டுக் கிணற்றில் வாடை வருவதாகச் சொன்னார்கள். கிணற்றுக்கும் குழிக்கும் பதினைந்தடி தூரம். மண்ணில் நீரோட்டத்தை அறியப் பயன்படுத்தும் பச்சைச் சாயத்தை வாங்கி வந்து ஒரு மாலைப்பொழுதில் கழிப்பறையில் ஊற்றினோம். ஒன்பதாம் நாள் காலையில் அந்த வீட்டு அம்மாள் என்னை அழைத்து, வாளியில் இறைத்த நீரைக் காட்டினார். இளம்பச்சை நிறம். அவர் ஒன்றும் கடிந்து பேசவில்லை. “இத்தனை நாளாக இதில்தானே ஐயா குழந்தைக்குக் கஞ்சி வைத்தேன்?” என்று மட்டும் கேட்டார். அந்த வேலைப் பட்டியலில் இருந்தது என் கையெழுத்து. அன்றுமுதல் சித்திரையில் தோண்டிய குழியை நான் நம்புவதில்லை.

ஆகவே முதல் விதியாக நான் சொல்வது இது. உங்கள் ஊரில் நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று கார்த்திகையில் பாருங்கள். நான்கைந்து இடங்களில் மண்வெட்டியால் குழி பறித்து, அடைமழைக்குப் பின் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள். கொத்தனார் யாராயினும் அந்த அளவைப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்கவேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் செப்டிக் தொட்டிக்கென 2470 என்ற எண்ணில் ஒரு நெறிமுறை வகுத்திருக்கிறது. 1985-இல் திருத்திய பதிப்பை வைத்துப் பேசுகிறேன். தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணில் விடும் இடம், குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமலும், குடியிருக்கும் வீட்டிலிருந்து 6 மீட்டருக்குக் குறையாமலும் இருக்கவேண்டும் என்கிறது. நிலத்தடி நீர் தரைமட்டத்திலிருந்து 180 சென்டிமீட்டருக்குள், அதாவது ஆறடிக்குள் இருக்குமானால், அங்கே உறிஞ்சுகுழி கூடாது. மண்ணைக் குவித்து மேடாக்கி, அந்த மேட்டுக்குள் நீர்பரவு வாய்க்கால் அமைக்கவேண்டும் என்கிறது. நம் குப்பங்களில் மழைக்காலத்தில் நீர் ஆறடிக்குள் இல்லாத இடம் ஏது? அப்படியானால் நெறிமுறைப்படி இங்கே ஓர் உறிஞ்சுகுழியும் இருந்திருக்கக்கூடாது. கீழே தோண்டுவதை விட்டுவிட்டு மேலே கட்டவேண்டும். இந்த வாசகம் நாற்பது ஆண்டுகளாக அச்சில் இருக்கிறது. நம் கொத்தனார்கள் காதுக்கு அதை எடுத்துச் சென்றவர் மிகச் சிலரே.

தொட்டியின் அளவையும் சொல்லிவிடுகிறேன், கொத்தனார் கேட்பார். ஐந்து பேருக்கு, இரண்டாண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பதாக வைத்துக்கொண்டால், உள்ளளவு நீளம் 1.5 மீட்டர், அகலம் 75 சென்டிமீட்டர், நீர் நிற்கும் ஆழம் 1.05 மீட்டர். பத்துப் பேருக்கு நீளம் 2 மீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர், நீராழம் 1.4 மீட்டர். நீர்மட்டத்துக்குமேல் ஓர் அடி வெற்றிடம் வேண்டும். பெரிய தொட்டி கட்டினால் நல்லது என்று எண்ணிச் சிலர் அறைபோல் கட்டிவிடுகிறார்கள். அது பணத்துக்குக் கேடு; ஆழமான தொட்டி இங்கே வேறொரு ஆபத்தையும் கொண்டுவரும். அதைப் பின்னர் சொல்கிறேன். உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் டி வடிவ இணைப்பு வைத்தால்தான் மேலே மிதக்கும் ஆடை வெளியேறாது. காற்றுக்குழாயின் வாயில் கொசுவலை கட்டவேண்டும். கலவைக்கு ஏரி மணலையும் கடல் மணலையும் தொடக்கூடாது. உப்பு கம்பியைத் தின்றுவிடும். சிமெண்டு வாங்கும்போதும், உவர்மண்ணைத் தாங்கும் வகை எது என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த ஆபத்து. படகு கட்டவும் செலுத்தவும் தெரிந்த உங்களுக்கு இது எளிதில் புரியும். கசியாத தொட்டி என்றால் என்ன? நீர் உள்ளே புகாத பெட்டி. நீர் உள்ளே புகாத பெட்டியை நீரில் வைத்தால் மிதக்கும். அடைமழைக் காலத்தில், நிலத்தடி நீர் தொட்டியின் தோள்வரை ஏறி நிற்கும்போது, லாரியை அழைத்துத் தொட்டியை முழுவதும் உறிஞ்சிவிட்டால், தொட்டி கப்பலாகி மேலே எழும்பும். குழாய்கள் முறியும், சுவர் வெடிக்கும். ஆகையால் கசடு எடுப்பதை மாசி முதல் வைகாசிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த அன்றே தொட்டியில் நீர் நிரப்பிவிடுங்கள். தளத்தைக் கனமான கான்கிரீட்டில் போட்டு, சுவருக்கு வெளியே சற்று நீட்டிவிட்டால், மேலே விழும் மண்ணே நங்கூரமாகிவிடும்.

நீர்பரவு மேட்டைப் பற்றியும் விளக்கவேண்டும். நல்ல மணலைக் கொட்டித் தரைக்குமேல் மேடு எழுப்பவேண்டும். எவ்வளவு உயரம் என்பதைச் சுவரில் எழுதிய கார்த்திகை அளவே சொல்லும்; நீர் எவ்வளவு மேலே வருகிறதோ அவ்வளவு உயர்த்தவேண்டும். மேட்டின் மேற்பகுதியில் சரளைக்கல் படுக்கை. அதற்குள் துளையிட்ட குழாய். அதன்மேல் மண்மூடி, புல் வளர்க்கவேண்டும். ஓரத்தில் கல்வாழை வைக்கலாம். வேர் ஆழமாக ஓடும் மரம் கூடாது. தொட்டிநீர் தானாக மேட்டுக்குப் பாயவேண்டுமானால் தொட்டியும் கழிப்பறையும் அதைவிட உயரத்தில் இருக்கவேண்டும். அப்போது கழிப்பறைக்கு நான்கைந்து படிகள் ஏறவேண்டிவரும். முழங்கால் வலியுள்ள பாட்டியை நினைத்துப் பாருங்கள். கைப்பிடி வைக்காமல் படி கட்டினால் பாட்டி பழையபடி ஏரிக்கரைக்கே போய்விடுவார். நாம் செலவிட்டதெல்லாம் வீணாகும்.

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் எழுந்து கேட்கலாம். “ஐயா, எனக்கு இருப்பது மூன்று சென்ட் மனை. வீடு போக மிச்சம் வலை உலர்த்தும் இடம். 18 மீட்டருக்கு நான் எங்கே போவேன்?” நியாயமான கேள்வி. 18 மீட்டர் என்பது ஐம்பத்தொன்பது அடி. என் மனையில் என் கிணற்றிலிருந்து ஐம்பத்தொன்பது அடி தள்ளிக் குழி வெட்டினால், அது அண்டை வீட்டுக் கிணற்றடியில் போய் நிற்கும். வீட்டுக்கு வீடு தனித்தனியாகச் செய்தால் இங்கே இந்த விதியை நிறைவேற்ற முடியாது. வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இது தெருவின் வேலை, ஊராட்சியின் வேலை என்பதுதான் என் முடிபு.

பிரான்சு நாட்டிலும் கிராமங்களுக்கெல்லாம் பாதாளச் சாக்கடை கிடையாது. சாக்கடைக் குழாய் வந்த தெருவில் உள்ளவர்கள் இரண்டாண்டுக்குள் இணைப்புப் பெற்றுவிடவேண்டும். குழாய் வராத இடத்தில் சொந்தத் தொட்டி. அதைச் சோதிக்கும் பொறுப்பை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் கொம்யூன் என்ற அவர்களுடைய ஊராட்சிகளிடமே ஒப்படைத்தது. பத்தாண்டுக்கு மிகாமல் ஒருமுறை ஊராட்சியின் அலுவலர் வந்து தொட்டியைப் பார்ப்பார். அதற்குக் கட்டணமும் உண்டு. குடிநீர்க் கிணற்றுக்கு 35 மீட்டர் இடைவெளி வேண்டும். கசடு தொட்டியில் பாதியை எட்டுமுன் எடுத்துவிடவேண்டும். 2011 முதல் வீட்டை விற்பவர் தொட்டியின் சோதனைச் சான்றையும் காட்டியாகவேண்டும். குறை இருந்தால் வாங்கியவர் ஓராண்டுக்குள் சரிசெய்யவேண்டும். அவர்களுடைய 35 மீட்டரை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நான் கவனித்தது வேறு: தொட்டியை வீட்டுக்காரரின் அந்தரங்கமாக விடாமல், வீட்டு வரியைப்போல் ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். நம்மிடம் கழிப்பறை உண்டா இல்லையா என்ற பதிவேடு இருக்கிறது. 2014-இல் தூய்மை பாரத இயக்கம் தொடங்கிய நாள்முதல் வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்துக் கட்டிய கழிப்பறைகளின் எண்ணிக்கையும் இருக்கிறது. அவற்றின் அடியில் தளம் உண்டா என்ற பத்தி அந்தப் பதிவேட்டில் இருந்து நான் பார்த்ததில்லை.

நகரத்தைப்போல் இங்கும் பாதாளச் சாக்கடை போட்டுவிடலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சாக்கடைக்குச் சரிவு வேண்டும். இது தட்டையான நிலம். நிலத்தடி நீரில் கிடக்கும் குழாயின் மூட்டுகள் வழியே ஊற்றுநீரும் உப்புநீரும் உள்ளே வரும். இடையிடையே மின்பம்பு வைக்கவேண்டும். புயல் வந்தால் முதலில் போவது மின்சாரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் எப்படி வெள்ளக்காடாயிற்று என்பதை நீங்களே பார்த்தீர்கள். ஆகவே இடைவழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் கசியாத சிறு தொட்டி. எட்டுப் பத்து வீடுகளின் தொட்டிநீரை மட்டும் ஒரு சிறிய குழாயில் திரட்டி, தெருக்கோடியில் கிணறுகளுக்கு எட்டாத பொது இடத்தில், ஒரே நீர்பரவு மேடு. கசடு வீட்டிலேயே தங்கிவிடுவதால் குழாய் சிறியதாக இருந்தாலும் அடைக்காது.

தொட்டியே இல்லாத வழியும் உண்டு. திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனத்தார், மலத்தையும் சிறுநீரையும் கழுவும் நீரையும் தனித்தனியே பிரிக்கும் கழிப்பறைகளைத் தரைக்குமேல் கட்டிக்காட்டினார்கள். மலத்தின்மீது சாம்பல் தூவி உலரவிட்டு, மாதக்கணக்கில் மூடிவைத்தபின் எருவாக எடுக்கிறார்கள். காவிரிக்கரையில் நீர்மட்டம் உயர்ந்த ஊரில் பிறந்த யோசனை அது. அதை நடத்திய மராச்சி சுப்புராமன் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டத்துக் காமேசுவரத்திலும் இவ்வகைக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. ஏரிக்குள் தீவாகக் கிடக்கும் குடியிருப்புகளுக்கு, லாரி போக வழியில்லாத இடங்களுக்கு, இதைவிடச் சிறந்த முறையை நான் அறியேன். ஆனால் பழக்கம் மாறவேண்டும். தண்ணீரைத் தவறான துளையில் ஊற்றினால் எல்லாம் கெட்டுவிடும். வீட்டுப் பெண்கள் சம்மதித்தாலன்றி இதைத் தொடங்காதீர்கள்.

“இப்போதுதான் குழாயில் குடிநீர் வருகிறதே, கேன் தண்ணீரும் வாங்குகிறோமே, கிணறு கெட்டால் என்ன?” என்ற பேச்சும் என் காதில் விழுகிறது. குடிப்பது குழாய்நீர்; பாத்திரம் துலக்குவதும், குழந்தையைக் குளிப்பாட்டுவதும், மீன் கழுவுவதும் எந்த நீரில்? குழாயில் நீர் நின்றிருக்கும் நேரங்களில், சேற்றில் கிடக்கும் உடைந்த மூட்டு வழியாக வெளிநீர் உள்ளே இழுக்கப்படும் என்பதையும் மறக்கவேண்டாம். சோதிப்பதற்கு ஹெச்2எஸ் என்ற சிறு பாட்டில் இருக்கிறது. அதில் நீரை ஊற்றி இரண்டு நாள் வைத்துப் பார்த்து, கறுத்துப்போனால் மலக்கலப்பு உண்டென்று சந்தேகிக்கவேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பி உறுதிசெய்துகொள்ளலாம்.

அடுத்து ஏரி. மட்டியும் ஆளியும் ஓரிடத்தில் இருந்துகொண்டு நாள் முழுவதும் நீரை உறிஞ்சி வடிகட்டி இரை தேடுகின்றன. நீரில் உள்ள கிருமியையும் அவை வடிகட்டித் தம் உடலிலேயே சேர்த்து வைக்கின்றன. அதனால்தான் ஐரோப்பிய நாடுகளில் மட்டி எடுக்கும் நீர்ப்பகுதியை மலக்கிருமி அளவுப்படி தரம் பிரிக்கிறார்கள். தரம் குறைந்தால் நேரே சந்தைக்கு அனுப்ப முடியாது. இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் இந்த ஏரியில் இருக்கிறார்கள். அவர்கள் காலிலும் கையிலும் உள்ள சிறு வெட்டுக்காயங்களுக்கு அந்த நீர்தான் முதல் மருந்தாகப் படுகிறது. ஆலைக்கழிவைப் பற்றி நாம் மனுக்கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். மனுக்கொடுக்கும் ஊரின் பின்பக்கத்துக் குழாய் ஏரிக்குள் திறந்திருந்தால், எதிர்வழக்காடுபவர் அதைத்தான் முதலில் படம் எடுப்பார்.

கசடு எடுக்கும் விஷயத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். எந்த மனிதனையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். கசட்டிலிருந்து எழும் நச்சுக்காற்று இரண்டு மூச்சில் ஆளை வீழ்த்தும். காப்பாற்ற இறங்கியவரும் திரும்புவதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கியவருக்கு முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இத்தகைய மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பணத்தைச் சொன்னால்தான் சிலருக்கு உறைக்கும் என்பதால் சொன்னேன். சாதியின் பேரால் ஒருவர் தலையில் கட்டிவந்த வேலை இது. இனி அது இயந்திரத்தின் வேலை. தொட்டியின் மூடியை, லாரிக் குழாய் எட்டும் பக்கத்தில் வைத்துக் கட்டுங்கள். ஓடு போட்டு மறைத்துவிடாதீர்கள்.

லாரி எடுத்துச் செல்வது எங்கே போகிறது என்று கேட்பவர் அரிது. இரவில் கழிமுகத்திலோ பக்கிங்காம் கால்வாயிலோ கொட்டினால் நம் கசடு நம்மிடமே திரும்பி வருகிறது. 2014-இல் நம் மாநில அரசு உள்ளாட்சிகளுக்குக் கசடு மேலாண்மை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2017-இல் கருங்குழிப் பேரூராட்சியில் கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் செயல்படத் தொடங்கியது. லாரிக்காரருக்குப் பணம் கொடுக்குமுன், சுத்திகரிப்பு நிலையத்தில் ஒப்படைத்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஊராட்சியே லாரியை ஏற்பாடு செய்து, தெருவாரியாக முறைவைத்து எடுத்தால் செலவும் குறையும்.

பொதுமேட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் வழக்கமாக ஊர் இரண்டுபடுகிறது. இதற்கு வெளியூர் ஆலோசனை எதுவும் உங்களுக்குத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஏரியில் வலை கட்டும் இடத்தைப் பாடு முறைப்படி, இன்று ஒருவர், நாளை மற்றொருவர் என்று தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டு வந்தவர்கள் நீங்கள். எந்தப் பாட்டில் யார் என்பதில் உங்களுக்குள் இருக்கும் கணக்கை எந்தப் பொறியாளரும் கற்றுத்தரவில்லை. அதே முறையில் மேட்டின் புல் வெட்டவும், குழாய் வாயைப் பார்க்கவும், லாரிக்குச் சொல்லவும் வீட்டுக்கு ஒரு முறை வைக்கலாம். முறை தவறியவருக்கு என்ன தண்டம் என்பதையும் நீங்களே அறிவீர்கள்.

வரும் கிராம சபைக்கு ஒரு பட்டியல் தயாராகட்டும். கதவு எண், தொட்டிக்குத் தளம் உண்டா இல்லையா, கிணற்றுக்கோ பம்புக்கோ எத்தனை அடி, கடைசியாகக் கசடு எடுத்த ஆண்டு. நான்கே பத்திகள். கடைசிப் பத்தியில் “நிரம்பவே இல்லை” என்று யார் பெருமையோடு எழுதச் சொல்கிறார்களோ, அந்த வீட்டுக்கு முதலில் போங்கள். அளவு நாடா கொண்டுவந்திருக்கிறேன். வெயில் தாழ இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. உறுப்பினர்கள் நால்வர் உடன் வந்தால், கீழைத்தெருவில் இன்றே தொடங்கிவிடலாம்.